மோஸ் அறுவை செய்தாலும் செக்கப்பை விட முடியாது

மோஸ் என்பது தோல் புற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டி, ஒவ்வொரு துண்டையும் அப்போதே சோதித்துப் பார்க்கும் அறுவை. இதைப் பற்றி ஒருவர் "மோஸ் முறையில் 100% விளிம்பையும் பார்த்துவிடுகிறார்கள், அதனால் தோல் புற்று திரும்பவே வராது, செக்கப்பும் தேவையில்லை" என்று எழுதியிருக்கிறார். பாதிதான் சரி. அந்த 100% வெட்டியெடுத்த துண்டின் விளிம்புக்கு மட்டும்தான்: துண்டை உறைய வைத்து, ஓரமும் அடிப்பக்கமும் ஒரே தளத்தில் வரும்படி மெல்லிசாகச் சீவி, மைக்ராஸ்கோப்பில் முழுதாகப் பார்த்து, புற்று மிச்சம் இருக்கிற இடத்தில் மட்டும் மறுபடி வெட்டுவார்கள். குணமாகிவிட்டது என்பதற்கு அது உத்தரவாதம் இல்லை.

நெதர்லாந்தில் முகத்தில் வந்த பேசல் செல் புற்றுக்கு (தோல் புற்றில் அதிகம் வரும் வகை) மோஸையும் சாதாரண அறுவையையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். முதல்முறை வந்த கட்டிகளில் 10 ஆண்டுக்குள் மோஸ் செய்தும் 4.4% திரும்பியது, சாதாரண அறுவையில் 12.2%. நல்ல வித்தியாசம்தான், ஆனால் பூஜ்யம் இல்லையே! அதிலும் ஐந்து வருடம் தாண்டித் திரும்பியவை கணிசம். ஸ்குவாமஸ் செல் புற்று என்ற இன்னொரு வகை தோல் புற்று நரம்பை ஒட்டிப் பரவியிருந்தால் விளிம்பு சுத்தமாக இருந்தும் உள்ளே எங்காவது மிச்சம் இருக்கலாம். அப்புறம், வெயிலில் கெட்ட அதே தோலில் பக்கத்திலேயே புதிதாக இன்னொன்றும் வரலாம், அதற்கு மோஸ் என்ன செய்யும்?

தழும்போரம் ஆறாத புண்ணோ, முத்துப்போல் மினுங்கும் சின்ன முடிச்சோ, லேசாகப் பட்டாலே ரத்தம் கசிவதோ தெரிந்தால் அடுத்த செக்கப் வரைக்கும் காத்திருக்காமல் தோல் டாக்டரிடம் காட்டுங்கள்.