நத்தைக்குப் பெயர் வைப்பது வெட்டி வேலை அல்ல

சென்ற ஞாயிற்றுக்கிழமை காரைக்குடிப் பாராட்டு விழாவில் நடந்ததை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். காணொளி இன்னமும் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகிறது. “மலேசியா வரைக்கும் போய் நத்தை பொறுக்கியதற்கா சால்வை?” என்று பெரியவர் ஒருவர் கேட்க, மண்டபமே சிரித்தது. மேடையில் நின்றவள், மலேசியாவில் புதிய நத்தை இனத்தைக் கண்டறிந்த என் தங்கை மகள். அதனால் மட்டும் எழுதுகிறேன் என்று நினைக்க வேண்டாம்.

புதிய நத்தை இனத்தைக் கண்டறிவது வெட்டி வேலை அல்ல. நத்தை ஓடு கட்டுவதற்கு வேண்டிய சுண்ணாம்பு, சுண்ணாம்புக்கல் குன்றில் தாராளமாகக் கிடைக்கிறது. இரண்டு குன்றுகளுக்கு இடைப்பட்ட நிலத்தில் பல இனங்களால் பிழைக்க முடிவதில்லை. அதனால்தான் ஒரே குன்றில் தோன்றி, அதைவிட்டு வேறெங்கும் இல்லாத இனங்கள் இருக்கின்றன. குன்று போனால் இனமும் போய்விடும். மலேசியாவின் பகாங் மாநிலத்துப் புக்கிட் பாஞ்சிங் குன்றில் மட்டும் வாழ்ந்த பிளெக்டோஸ்டோமா சயாஃபைலம் என்ற நத்தை அப்படித்தான் போனது. குன்றையே உடைத்து எடுத்துவிட்டார்கள். 2014இல் அந்த இனம், அழியும் உயிரினங்களைக் கணக்கெடுக்கும் உலகச் செம்பட்டியலில் அற்றுப்போனதாகச் சேர்க்கப்பட்டது. முன்பே ஒருவர் பெயர் வைத்திருந்ததால் அது அழிந்ததாவது நமக்குத் தெரிகிறது.

பொறுக்குவது என்றால் என்னவென்று சொல்கிறேன். குன்றடி மண்ணையும் சருகையும் அள்ளிவந்து, உலர்த்தி, வாளித் தண்ணீரில் கொட்டினால், காற்றடைத்த வெற்று ஓடுகள் மிதந்து மேலே வரும். அவற்றை வடித்தெடுத்து நுண்ணோக்கியின் கீழ் ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டும். பொங்கலுக்கு வந்திருந்தபோது, “அம்மான், மூச்சு விடாமல் பாருங்கள்” என்று கறுப்புத் தாளில் ஓர் ஓட்டை வைத்துக் காட்டினாள். கடுகில் பாதிகூட இல்லை. லென்ஸில் பார்த்தால் மேலெல்லாம் நெருக்கமான வரிகள். வாய்ப்பகுதி மட்டும் சுருளைவிட்டு விலகி மேல்நோக்கித் திரும்பியிருந்தது. மலேசியாவின் ஈப்போ நகருக்கு அருகே குனோங் ராப்பாட் குன்றில் கிடைத்து 2008இல் அறிவிக்கப்பட்ட ஒபிஸ்தோஸ்டோமா வெர்மிகுலம் என்ற நத்தையின் ஓடு நான்கு வெவ்வேறு அச்சுகளில் சுருள்கிறது என்பதையும் அன்றுதான் அறிந்தேன். அதே ஈப்போவுக்குத்தான் எங்கள் ஐயா கொண்டுவிற்க, அதாவது வட்டித் தொழில் செய்யப் போனார். வட்டிக் கணக்கும் ரப்பர் தோட்டமும் ஊருக்கு வந்த கதைகளில் இருந்தன; ஈப்போவைச் சுற்றி நின்ற குன்றுகள் ஒன்றிலும் இல்லை.

“சுண்ணாம்புக்கல்லில் செய்யும் சிமெண்ட் வேண்டாமா?” என்று கேட்பீர்கள். வேண்டும், நானும் சுண்ணாம்புச் சாந்து பூசிய வீட்டில்தான் இருக்கிறேன். உடைக்கும் முன் அங்கே என்ன வாழ்கிறது என்று பாருங்கள் என்பதுதான் கேட்பது. மலேசியாவின் பேராக் மாநிலத்துக் குனோங் கந்தான் குன்றில் கிடைத்த நத்தைக்கு, அங்கே கல்லெடுத்த லஃபார்ஜ் என்ற சிமெண்ட் நிறுவனத்தின் பெயரையே சேர்த்து, 2014இல் சரோப்பா லஃபார்ஜி என்று ஆய்வாளர்கள் பெயரிட்டார்கள். அதன் பிழைப்பு யார் கையில் இருக்கிறது என்பதை இதைவிட வெளிப்படையாக எப்படிச் சொல்வது?

“நத்தையால் யாருக்கு என்ன லாபம்?” என்பவர்களுக்குப் பதில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தைப்பூசத்துக்கு நாம் ஏறிக் கும்பிடும் பத்துமலையும் இதே சுண்ணாம்புக்கல்தான். அந்த நாட்டில் கடை வைத்துப் பொருள் சேர்த்தவர்களுக்கு இவ்வூர் மேடையில் மாலை போட்டபோது ஒருவரும் சிரித்ததில்லை. அந்த மண்ணைச் சல்லடையில் சலித்துப் படித்துவந்த பெண்ணைப் பார்த்துச் சிரித்தோம். அவள் சால்வையை மடித்துவைத்துவிட்டு, மறுநாளே ஊருக்குக் கிளம்பிவிட்டாள். காணொளியை இன்னும் பகிர்பவர்கள் தயவுசெய்து நிறுத்துங்கள்; விழாக் குழுவினர் அவளை அழைத்து ஒரு வார்த்தையாவது பேசுங்கள்.