1989-க்கு முன் கல்யாணமான பெண்ணுக்குப் பங்கு இல்லையா?

"1989 மார்ச் 25-க்கு முன் திருமணமான பெண்கள் பூர்வீகச் சொத்தில் பங்கு கேட்கவே முடியாது" என்று ஒரு செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டே இருக்கிறது. ஒரு காலத்தில் இது சரிதான், ஏனென்றால் கருணாநிதி ஆட்சியில் இந்து வாரிசுரிமைச் சட்டத்துக்கு வந்த தமிழ்நாட்டுத் திருத்தம் மகளுக்கும் மகனைப் போலவே பிறப்பால் உரிமை கொடுத்துவிட்டு, அந்தத் தேதிக்கு முன் கல்யாணமானவர்களை மட்டும் வெளியே நிறுத்தியது. ஆனால் 2005 செப்டம்பர் 9-இல் அதே சட்டத்துக்கு நடைமுறைக்கு வந்த மத்திய அரசின் திருத்தத்தில் அந்தக் கல்யாணக் கணக்கே கிடையாது. அன்றைக்கு அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்றுகூட இல்லை. வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் 2020-இல் அதையும் தெளிவாக்கிவிட்டது.

அதற்காக எல்லாப் பழைய பாகத்தையும் கிளற முடியாது. 2004 டிசம்பர் 20-க்கு முன் பதிவான பத்திரம் மூலமோ நீதிமன்றத் தீர்ப்பு மூலமோ பாகப்பிரிவினை முடிந்திருந்தால் முடிந்ததுதான். "வாய்மொழியாப் பிரிச்சுட்டோம்" என்று அண்ணன் சொன்னால் மட்டும் போதாது, அதைக் காட்ட அரசு ஆவணம் மாதிரி வலுவான சான்று வேண்டும்.

அப்புறம், அப்பாவின் சுயசம்பாத்தியம் வேறு கதை. இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, 1956-க்குப் பிறகு அவர் உயில் எழுதாமல் இறந்திருந்தால், கல்யாணம் எப்போது ஆகியிருந்தாலும் மகள் முதல் வகுப்பு வாரிசு, அதாவது மகனைப் போலவே முதலில் பங்கு பெறுபவர். உயில் எழுதி வைத்திருந்தால் அதன்படிதான்.