தகவல் உரிமைச் சட்டம் டெல்லியின் பரிசா?

“தகவல் உரிமைச் சட்டம் டெல்லி அதிகாரிகள் தாமாகக் கொடுத்தது, சமூக அமைப்புகள் வளர்ச்சிக்கு முட்டுக்கட்டை போட்டதோடு சரி” என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. தவறு.

இந்தச் சட்டத்துக்கு வலுவான விதை விழுந்தது ராஜஸ்தான் கிராமங்களில். பஞ்சத்தால் அடிபட்ட ஊர்களில் அரசு வேலை செய்தவர்களுக்குக் குறைந்தபட்சக் கூலி கிடைக்கவில்லை. கேட்டால், “நீ வேலையே செய்யலை, பதிவேட்டில் அப்படித்தான் இருக்கு” என்பது பதில். சரி, பதிவேட்டைக் காட்டு என்றால், அது ரகசியம்!

1990-ல் சமூக ஆர்வலர் அருணா ராய் உள்ளிட்டோர் தொடங்கிய மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் என்ற தொழிலாளர், விவசாயிகள் அமைப்பு, 1994 முதல் ஊர் நடுவே பொது விசாரணைகள் நடத்தியது. யார் வேலைக்கு வந்தார், எவ்வளவு கூலி என்று எழுதும் பதிவேடான மஸ்டர் ரோலை உரக்க வாசித்தார்கள். வேலைக்கே வராதவர் பெயரில் கூலி, கட்டாத கட்டடத்துக்குச் செலவு என எல்லாம் ஊரார் முன் அம்பலமானது. 1996-ல் தகவல் உரிமை கேட்டு ராஜஸ்தானின் பியாவர் நகரில் நாற்பது நாள் தர்ணா.

தமிழ்நாடு 1997-லேயே சட்டம் இயற்றியது உண்மை. ஆனால் அதில் விதிவிலக்குகள் ஏராளம். மத்திய அரசின் 2002-ஆம் ஆண்டுச் சட்டமோ நடைமுறைக்கே வரவில்லை. அப்புறம் மக்கள் அமைப்புகள் மறுபடியும் அழுத்தம் கொடுத்த பிறகுதான் 2005 சட்டம் வந்தது.