பதில் வந்துவிட்டது, பணம்தான் வரவில்லை

இணையத்தில் தங்களைப் பற்றி யார் என்ன பேசுகிறார்கள் என்று நிறுவனங்கள் கவனிப்பதைப் பலர் ஏதோ உளவு வேலை போலச் சொல்கிறார்கள். எனக்கு அதில் ஆட்சேபம் இல்லை. பொதுவெளியில் எழுதியதை அவர்கள் படிக்காவிட்டால்தான் கோபம் வர வேண்டும். என் கோபம் வேறு. படிக்கிறவரிடம் எதையும் சரிசெய்யும் அதிகாரம் இல்லை. அதிகாரம் இருப்பவர் இதைப் படிப்பதில்லை. ஒரு விளம்பர நிறுவனத்தில் சில காலம் இதே வேலையைப் பார்த்ததால் கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறேன்.

தொழிலில் இதை ‘ஓஆர்எம்’ (ஆன்லைன் ரெப்யுடேஷன் மேனேஜ்மென்ட், அதாவது இணையத்தில் நற்பெயரைப் பார்த்துக்கொள்ளும் வேலை) என்பார்கள். 2003-இல் கூகுள் அலர்ட்ஸ் வந்தபோது, நிறுவனத்தின் பெயரைப் பதிந்து வைத்தால் அந்தப் பெயர் அடிபடும் பக்கங்கள் மின்னஞ்சலில் வரும், அவ்வளவுதான். இன்று ஸ்பிரிங்க்ளர், மெல்ட்வாட்டர், பிராண்ட்வாட்ச் போன்ற மென்பொருள்கள் பல தளங்களின் பேச்சையும் ஒரே திரையில் கொண்டுவந்து கொட்டுகின்றன. ஒவ்வொரு பதிவின் மேலும் நேர்மறை, எதிர்மறை, நடுநிலை என்று ஒரு முத்திரை விழும். எழுதியவரை எத்தனை பேர் பின்தொடர்கிறார்கள் என்ற எண்ணும் பக்கத்திலேயே நிற்கும். எந்தப் புகாரை முதலில் எடுப்பது என்பதைப் பெரும்பாலும் அந்த எண்தான் முடிவு செய்யும். ஒரு லட்சம் பேர் பின்தொடரும் ஒருவருக்குக் காபி ஆறிப்போய் வந்தால் மேலாளருக்கு உடனே தொலைபேசி போகும். நாற்பது பேர் பின்தொடரும் ஒருவருக்கு மூன்று வாரமாகப் பணம் திரும்ப வரவில்லை என்றால், “சிரமத்துக்கு வருந்துகிறோம், உங்கள் எண்ணைத் தனிச் செய்தியில் அனுப்பவும்.”

தனிச் செய்திக்கு அழைப்பதிலும் ஒரு நியாயம் உண்டு. கைப்பேசி எண்ணையும் ஆர்டர் எண்ணையும் ஊரறியப் போடச் சொல்ல முடியாது. வங்கியின் பெயரைக் குறிப்பிட்டு நீங்கள் புகார் எழுதினால், அதே வங்கியின் சின்னத்தோடு ஒரு போலிக் கணக்கு உங்களுக்கு முந்திக்கொண்டு பதில் சொல்லும் காலம் இது. (அந்தப் போலிகளின் சுறுசுறுப்பில் பாதி உண்மையான வங்கிகளுக்கு இருந்திருந்தால்!) ஆனால் அந்த அழைப்பு வந்ததும் அறிக்கையில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். புகார் எழுதிய நேரத்துக்கும் முதல் பதில் போன நேரத்துக்கும் உள்ள இடைவெளி கணக்கில் ஏறும். மாதக் கடைசியில் அந்த இடைவெளி குறைந்திருந்தால் எல்லோருக்கும் பாராட்டு. பணம் திரும்பியதா, உடைந்த பொருளை மாற்றிக் கொடுத்தார்களா என்பதற்கு நான் பார்த்த அறிக்கைகளில் இடமே கிடையாது.

தமிழில் எழுதுபவர்களின் பாடு இன்னும் மோசம். “அருமையான சேவை, மூன்று நாளாக ஆளையே காணோம், வாழ்த்துகள்” என்று ஒருவர் எரிச்சலில் எழுதுகிறார். அருமை இருக்கிறது, வாழ்த்து இருக்கிறது, ஆகவே நேர்மறை என்று மென்பொருள் முத்திரை குத்திவிடும். ஆங்கில எழுத்தில் தமிழை எழுதினால் ஒரே சொல்லுக்கு ஆளாளுக்கு ஒரு எழுத்துக்கூட்டு. அதில் பாதி வலையில் சிக்குவதே இல்லை. தமிழ் தெரிந்த ஒருவரை உட்கார வைத்தால் தீரும் சிக்கல் இது. அதற்குச் செலவு செய்ய மனம் வராது.

ஆள் வைக்காததன் விலை என்ன என்பதை 2021 அக்டோபரில் பார்த்தோம். சென்னையில் ஒருவர் சொமேட்டோவில் உணவு வாங்குகிறார், ஒரு பொருள் குறைகிறது, பணத்தைத் திருப்பிக் கேட்கிறார். மொழி தடையாக இருப்பதாக உதவி மையத்தில் இருந்தவர் சொல்ல, தமிழ்நாட்டில் தொழில் செய்தால் தமிழ் தெரிந்தவர்களை வைத்திருக்க வேண்டும் என்கிறார் இவர். இந்திதான் தேசிய மொழி, எல்லோருக்கும் கொஞ்சமாவது தெரிந்திருக்க வேண்டும் என்று பதில் வருகிறது. அரசமைப்புச் சட்டத்தில் தேசிய மொழி என்று எதுவுமே இல்லை என்பது ஒருபுறம் இருக்கட்டும். உரையாடலின் படம் ட்விட்டரில் ஏறியதும் சொமேட்டோவை நிராகரிப்போம் என்ற ஹேஷ்டேக் நாடு முழுக்கப் பரவியது. உடனே தமிழிலும் ஆங்கிலத்திலும் மன்னிப்புக் கடிதம். செயலியைத் தமிழில் கொண்டுவருகிறோம், கோயம்புத்தூரில் உதவி மையம் அமைக்கிறோம் என்ற அறிவிப்பும் அதிலேயே வந்தது. அந்த ஊழியரை நீக்கினார்கள். சில மணி நேரத்தில் நிறுவனர் தீபிந்தர் கோயல் திரும்ப வேலையில் சேர்த்துக்கொண்டார். சேர்த்ததில் எனக்கு மகிழ்ச்சிதான், அவர் வெறும் கடைநிலை ஊழியர். ஆனால் நாட்டில் சகிப்புத்தன்மை இன்னும் வளர வேண்டும் என்று கோயல் கூடவே எழுதியதை என்னால் விழுங்க முடியவில்லை. சாப்பாட்டுக் காசைக் கேட்டவருக்கு எதற்குச் சகிப்புத்தன்மைப் பாடம்?

அங்கேயாவது மன்னிப்பு வந்தது. ஓலா எலக்ட்ரிக் விஷயத்தில் நடந்தது வேறு. கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஆலை வைத்திருக்கும் நிறுவனம் என்பதால் நமக்கும் இதில் அக்கறை உண்டு. 2024 அக்டோபர் 6 அன்று நகைச்சுவைக் கலைஞர் குணால் காம்ரா, வரிசையாக முடங்கி நின்ற ஓலா ஸ்கூட்டர்களின் படத்தைப் போட்டார். நிறுவனர் பவிஷ் அகர்வால் நேரடியாகவே களத்தில் இறங்கினார்: காசு வாங்கிக்கொண்டு எழுதுகிறீர்கள், உங்கள் தோற்றுப்போன நகைச்சுவைத் தொழிலில் கிடைத்ததைவிட அதிகம் தருகிறேன், வந்து உதவுங்கள், இல்லாவிட்டால் சும்மா இருங்கள் என்ற பாணியில். மறுநாள் பங்கு விலை 8 சதவீதத்துக்கும் மேல் இறங்கியது. அதே அக்டோபர் 7 தேதியிட்டு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தின் நோட்டீசும் வந்தது. 2023 செப்டம்பர் முதல் 2024 ஆகஸ்ட் வரையான ஓராண்டில் தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்கு ஓலா எலக்ட்ரிக் பற்றி வந்த புகார்கள் 10,644. அவற்றில் 99.1 சதவீதத்தைத் தீர்த்துவிட்டதாக நிறுவனம் பிறகு சொன்னது.

பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் முறைப்படி, வரிசையில் நின்று, ஓராண்டாகப் புகார் சொல்லியிருக்கிறார்கள். நாடு பேசியதோ ஒரே ஒரு படத்தைப் பற்றி. நிறுவனர் கொதித்ததும் அந்தப் படத்துக்குத்தான். சர்வீஸ் சென்டரில் வண்டியை விட்டுவிட்டுப் பேருந்தில் வேலைக்குப் போனவர்கள் எந்தத் திரையிலும் சிவப்பாக மின்னவில்லை.

இதற்கு நேர்மாறாக ஒரு கதையை நம் ஆட்கள் பெருமையோடு சொல்வார்கள். அமெரிக்காவிலிருந்து சென்னைக்குத் திரும்பிய கிரீஷ் மாத்ருபூதத்தின் தொலைக்காட்சிப் பெட்டி வரும் வழியில் உடைந்துபோனது. இழப்பீடு கேட்டுப் பல மாதம் அலைந்தும் நடக்கவில்லை. இந்தியா திரும்புவோர் கூடிப் பேசும் ஓர் இணையத்தளத்தில் நடந்ததை எழுதினார். சரக்கு அனுப்பிய நிறுவனத்தின் தலைவரே அங்கு வந்து மன்னிப்புக் கேட்டார், பணமும் வந்தது. வாடிக்கையாளர் கை ஓங்கிவிட்டது என்று அப்போது கிரீஷுக்குப் பட்டது. 2010-இல் அவருடைய ஃபிரெஷ்டெஸ்க் பிறந்ததற்கு அதுவும் ஒரு காரணம். ட்விட்டரில் வரும் புகாரையும் அலுவலகப் புகார் எண்ணாக மாற்றித் தரும் மென்பொருள் அது. 2021-இல் அந்த நிறுவனம் ஃபிரெஷ்வொர்க்ஸ் என்ற பெயரில் அமெரிக்கப் பங்குச் சந்தையான நாஸ்டாக் வரை போனது. நல்ல கதைதான், மறுக்கவில்லை. எனக்கு அதில் உறுத்துவது அந்தப் பல மாதங்கள். மின்னஞ்சலிலும் தொலைபேசியிலும் கேட்டபோது கிடைக்காத நியாயம், நாலு பேர் பார்க்க எழுதியதும் கிடைத்துவிட்டது. எழுதத் தெரியாதவர் என்ன செய்வார்? என் பெரியம்மாவுக்கு ட்விட்டர் கணக்கு இல்லை; பழுதான மிக்ஸியோடு கடைக்குப் போகத்தான் தெரியும்.

நட்சத்திர மதிப்பெண்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பில்லோடு க்யூஆர் அட்டையை நீட்டி, ஐந்து நட்சத்திரம் போட்டால் இனிப்பு இலவசம் என்கிறார்கள். இணைய மதிப்புரைகளுக்காக இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2022-இல் ஐஎஸ் 19000 என்ற தரநிலையைக் கொண்டுவந்தது. விரும்பினால் பின்பற்றலாம் என்ற அளவில் அது வந்தது. அமெரிக்காவில் 2024-இல் போலி மதிப்புரைகளை வாங்குவதற்கும் விற்பதற்கும் தடை போட்டு, அபராதத்தையும் சேர்த்தார்கள். எதற்குப் பல் இருக்கிறது என்று நான் சொல்லத் தேவையில்லை.

புகார் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். முகநூலில் எழுதுங்கள், ஆனால் அதற்கு முன் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-ஐ அழைத்துப் புகாரின் பதிவு எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். முகநூல் பதிவில் அந்த எண்ணையும் போடுங்கள். நோட்டீஸ் அனுப்பும்போது ஆணையம் எண்ணிப் பார்ப்பது அந்தப் புகார்களைத்தான், நம் லைக்குகளை இல்லை.

ஓஆர்எம் வேலையில் இப்போது இருக்கும் நண்பர்கள் சிலர் இதைப் படிப்பீர்கள். உங்கள் மாத அறிக்கையில் ‘முதல் பதில் நேரம்’ என்பதற்குப் பக்கத்தில் ‘சிக்கல் தீர்ந்த தேதி’ என்று ஒரு நெடுவரிசையைச் சேர்க்க முடியுமா என்று வாடிக்கையாளர் நிறுவனத்திடம் கேட்டுப் பாருங்கள். என்ன பதில் வந்தது என்று கமெண்டில் எழுதுங்கள், நிறுவனத்தின் பெயர் வேண்டாம்.