அம்மா வாங்கும் பத்துக் கலன் எந்தக் கணக்கில் வரும்?

எங்கள் யாழ்ப்பாணத்து வீட்டுக்கு அம்மா மாதம் பத்துக் கலன் குடிதண்ணீர் வாங்குகிறா. ஒவ்வொன்றும் 20 லீற்றர். முற்றத்தில் கிணறு இருக்கிறது, மோட்டர் இருக்கிறது, தண்ணீரும் வற்றவில்லை. கேட்டால், "அது குளிக்க, தோய்க்கத்தான் தம்பி. குடிக்கேலாது" என்பா.

வாழத் தகுந்த நகரங்களின் பட்டியலைப் பார்க்கும்போதெல்லாம் இந்தப் பத்துக் கலன்தான் நினைவுக்கு வருகிறது. எக்கொனமிஸ்ட் குழுமத்தின் பட்டியலில் 2022 முதல் 2024 வரை வியன்னா முதலிடம், 2025 இல் கொப்பன்ஹேகன். ஒரு நகரத்தில் என்ன வசதி இருக்கிறது என்று அது சொல்லும். அந்த வசதிக்கு எவ்வளவு செலவானது, யார் செலவழித்தது என்று சொல்லாது.

செலவையும் பலனையும் சேர்த்து அளக்க ஒரு முறை இருக்கிறது. 1978 இல் சார்ன்ஸ், கூப்பர், றோட்ஸ் என்ற மூவர் கொண்டுவந்தது. குறைந்த செலவில் கூடிய பலன் தந்தவற்றை எல்லையாக வைத்து, மற்றவை எவ்வளவு பிந்தி நிற்கின்றன என்று கணக்கிடுவார்கள். வியன்னாவுக்கு 1873 முதல் மலையூற்று நீர் புவியீர்ப்பிலேயே ஓடி வருகிறது. அப்படிப்பட்ட நகரத்தின் திறமை இந்தக் கணக்கில்தான் தெரியும். எனக்கு இந்த முறை பிடிக்கும்.

ஆனால் செலவுப் பக்கத்தில் அரசும் சபையும் கொடுத்த காசை மட்டும் எழுதினால் கணக்குப் பிழைத்துவிடும். கிணறு வெட்டியது நாங்கள். மோட்டருக்கு மின்கட்டணம் கட்டுவது நாங்கள். கலன் வாங்குவதும் நாங்களே. இதையெல்லாம் விட்டுவிட்டால் சபை செலவழிக்காமலே சனம் தண்ணீர் குடிக்கிறது என்றுதான் வரும். ஒன்றும் செய்யாத நகரத்துக்கு நல்ல புள்ளி கிடைக்கும்.

எங்கள் நிலத்தடி சுண்ணக்கல். வெடிப்பும் துவாரமுமாக இருப்பதால் மேலே விட்டது கீழே இறங்க அதிக நேரம் எடுக்காது. வற்றாத ஆறும் இல்லை, நம்பியிருப்பது மழையையும் கிணற்றையும்தான். பிள்ளைகளுக்குச் சீதனமாக வளவைப் பிரித்துப் பிரித்து, இன்று ஒரு வீட்டுக் கிணற்றுக்குப் பக்கத்திலேயே அடுத்த வீட்டு மலகூடக் குழி. தோட்டத்து யூரியாவும் சேர, கிணற்று நீரில் நைத்திரேற்று என்ற உப்பு கூடுகிறது. உலக சுகாதார நிறுவனம் லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது என்கிறது, கைக்குழந்தைகளை நினைத்து வைத்த எல்லை அது. தண்ணீரைப் பார்த்தால் தெளிவாகத்தான் இருக்கும். அதனால்தான் எனக்குப் பயம்.

நகர எல்லையோடு கணக்கை முடிப்பதும் பிழை. கிளிநொச்சியின் இரணைமடுக் குளத்துத் தண்ணீரை யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுவர முயன்றபோது அங்குள்ள விவசாயிகள் எதிர்த்தார்கள். அவர்களின் வயல் எங்கள் குடிநீரின் விலையாகியிருக்கும். 2024 இல் தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் திறந்தார்கள். அதை வரவேற்கிறேன், ஆனாலும் அது தின்னும் மின்சாரமும் கடலுக்குத் திரும்பும் உவர்நீரும் செலவுதான். சென்னையும் தூரத்துக் கடலூர் மாவட்டத்தின் வீராணம் ஏரியில் இருந்து தண்ணீர் எடுக்கிறது. கொழும்பின் குப்பை மேடு 2017 இல் மீதொட்டமுல்லையில் சரிந்து, பக்கத்தில் குடியிருந்த முப்பதுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. கொழும்பின் சுத்தத்தை அளக்கிறவர் அந்த வீடுகளையும் எழுதத்தானே வேணும்?

யாழ்ப்பாணத்தை யாராவது அளக்க வந்தால் முதலில் வீடு வீடாகக் கேளுங்கள்: கிணற்றுக்கும் குழிக்கும் எத்தனை அடி, மாதம் எத்தனை கலன், தண்ணீர் பவுசருக்குக் காத்திருந்தது எத்தனை மணித்தியாலம். நாங்களே தொடங்கலாம். எங்கள் வீட்டில் பத்து. உங்கள் வீட்டு எண்ணிக்கையை ஊர்ப் பெயரோடு கீழே எழுதுங்கள்.