சிலிகான் எல்லாப் பிளாஸ்டிக்கிலும் ஒட்டுமா?

மீன் தொட்டிக்கான சிலிகான் பசை எந்தப் பிளாஸ்டிக்கிலும் நிலையாக ஒட்டும், ஆகவே சாப்பாட்டு டப்பாவில் துளையிட்டுக் குழாயை ஒட்டியே வடிகட்டி செய்துவிடலாம் என்று ஒரு நண்பர் எழுதியுள்ளார். அன்புகூர்ந்து ஒரு திருத்தம். கண்ணாடியை அது உறுதியாகப் பற்றும் என்பது உண்மையே. ஆனால் இங்கே பினாங்கில் நாம் வாங்கும் டப்பாக்களில் பெரும்பாலானவை பாலிபுரொப்பிலீன் ஆகும், அதன் மேற்பரப்பு ஆற்றல் (பிற பொருளைத் தன்மேல் பற்றவைக்கும் தன்மை) மிகக் குறைவு என்பதால் சிலிகான் அதில் பற்றாமல், காய்ந்தபின் ரப்பர் நாடாபோல முழுதாக உரிந்து வந்துவிடும். உப்புத்தாளால் தேய்த்தாலும் நம்பும்படியான பிடிப்பு வராது.

இதை யாரும் சரிபார்க்கலாம். டப்பாவின் அடியில் முக்கோணத்துக்குள் 5 என்றிருந்தால் பாலிபுரொப்பிலீன். 2 அல்லது 4 என்றால் பாலிஎத்திலீன், அதுவும் இதே இனம்தான். எண் இல்லையென்றால் சிறு துண்டொன்றை வெட்டி நீருக்குள் அமிழ்த்திப் பாருங்கள்: இவ்விரண்டும் பொதுவாக மிதக்கும், அக்ரிலிக்கும் பிவிசியும் மூழ்கும். பிறகு அதே டப்பாவில் சிலிகானை ஒரு கோடாக இட்டு, உறையில் குறித்துள்ள காலம்வரை காயவிட்டு, நகத்தால் ஓரத்தை நெம்பிப் பாருங்கள். குழாய் நுழையும் இடத்தில் பசைக்குப் பதிலாக, ரப்பர் வாஷருடன் திருகி இறுக்கும் டேங்க் கனெக்டரைப் பொருத்துவதே பாதுகாப்பானது.