ஆர்ஃபியூஸ் திரும்பிப் பார்த்தது குற்றமா?

கிரேக்க இசைஞன் ஆர்ஃபியூஸின் கதையை யார் சொன்னாலும் முடிவில் ஒரு புத்திமதி ஒட்டிக்கொண்டு வருகிறது. இன்னும் நாலடி பொறுத்திருந்தால் மனைவி கிடைத்திருப்பாளாம், அவசரப்பட்டுக் கெடுத்துக்கொண்டானாம். கேட்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது.

திரேஸ் நாட்டுக்காரன், கலைத்தேவி கல்லையோப்பியின் மகன். அவன் யாழை மீட்டினால் மரங்களும் விலங்குகளும் பின்தொடரும் என்பார்கள். பாம்பு தீண்டி இறந்த மனைவி யூரிடிசியைத் தேடி உயிரோடு பாதாளம் போய், அங்கே நின்று பாடினான். அந்தப் பாட்டின் வலிமையை ரோமானியக் கவிஞர் ஓவிட் காட்டும் விதம் அபாரம். தண்டனையாக இக்ஸியனைக் கட்டிச் சுழற்றும் சக்கரம் நின்றுவிடுகிறது. ஓயாமல் பாறை உருட்டச் சபிக்கப்பட்ட சிசிஃபஸ், அந்தப் பாறைமேலேயே உட்கார்ந்து கேட்கிறான். இரங்கிய பாதாள அரசர் ஹேடீஸ் அவளை அனுப்புகிறார், வெளியேறும்வரை அவன் திரும்பிப் பார்க்கக்கூடாது என்ற நிபந்தனையோடு. வழியிலேயே அவன் திரும்பிப் பார்த்துவிட்டான், அவளை மறுபடியும் இழந்தான்.

புத்திமதி சொல்கிறவர்கள் அந்தப் பாதையைக் கொஞ்சம் பார்க்கட்டும். செங்குத்தான ஏற்றம், கனத்த இருள், சின்னச் சத்தம்கூட இல்லாத அமைதி. பாம்பு கடித்த காயம் இன்னும் ஆறவில்லை. யூரிடிசி மெதுவாகத்தான் நடக்கிறாள் என்பதையும் ஓவிட் எழுதியிருக்கிறார். புண்பட்ட காலோடு மனைவி அந்த ஏற்றத்தில் பின்னால் வருகிறாளா, விழுந்துவிட்டாளா என்று தெரியாமல் எவனால் நடக்க முடியும்? பாதாளம்வரை அவனை இழுத்துச் சென்ற அதே பாசம்தான் தலையையும் திருப்பியது. ஒன்றைப் போற்றிவிட்டு மற்றதைப் பழிப்பது என்ன நியாயம்?

ஓவிடுக்கு ஒரு தலைமுறை முன்பு, கி.மு. 29 வாக்கில் முடித்த கவிதையில் இன்னொரு ரோமானியக் கவிஞர் வெர்ஜில் இப்படித் திரும்பிப் பார்த்ததைப் பித்து என்றுதான் சொல்கிறார். அவருடைய யூரிடிசியும் அப்படியே கதறுகிறாள். ஆனால் அது மன்னிக்கத்தக்க பித்து, கீழுலகத்தாருக்கு மன்னிக்கத் தெரிந்திருந்தால், என்றும் அவரே சொல்லிவிடுகிறார். குற்றம் எந்தப் பக்கம் என்பதற்கு எனக்கு அந்த ஒரு வரி போதும்.

பிளேட்டோவின் 'விருந்து' உரையாடலில் ஃபீட்ரஸ் என்ற பாத்திரம் பேசுவதைத்தான் என்னால் ஏற்கவே முடியவில்லை. காதலுக்காகச் சாகத் துணியாத கோழையாம் ஆர்ஃபியூஸ், வெறும் யாழ்க்காரனாம். அதனால் தேவர்கள் மனைவியின் நிழலுருவை மட்டும் காட்டித் திருப்பி அனுப்பினார்களாம். இசைஞன் என்றாலே மென்மையானவன், துணிவற்றவன் என்ற இளக்காரம் அன்றே இருந்திருக்கிறது.

நேப்பிள்ஸ் தொல்லியல் அருங்காட்சியகத்தில் ஒரு பளிங்குப் புடைப்புச் சிற்பம் இருக்கிறது. கி.மு. 5ஆம் நூற்றாண்டுக் கிரேக்கப் படைப்பின் ரோமானியப் பிரதி. ஆர்ஃபியூஸ் திரும்பிவிட்டான், யூரிடிசியின் கை அவன் தோளில் இருக்கிறது. அவளைத் திரும்பப் பாதாளத்துக்கு அழைத்துப்போக, தேவதூதர் ஹெர்மீஸ் அவளுடைய மறுகையைப் பற்றிவிட்டார். மூவர் முகத்திலும் கோபமோ குற்றச்சாட்டோ இல்லை. செதுக்கியவனுக்குப் புரிந்தது ஃபீட்ரஸுக்குப் புரியவில்லை.

கோழை என்கிறவர்கள் அடுத்து நடந்ததையும் படிக்க வேண்டும். அவன் மறுபடியும் பாதாளத்துக்குள் போக முயன்றான். படகோட்டி காரோன் ஏற்றிக்கொள்ள மறுத்துவிட்டான். ஏழு நாள், அன்னம் தொடாமல், அந்தக் கரையிலேயே உட்கார்ந்திருந்தான்.